காடு வாழ்த்தும் ஜாஸ் இசையும்: திருவாலங்காட்டை முன்னிட்டு ஓர் ஆய்வு

திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தில் ஆந்திர எல்லைக்கு அணித்தாக அமைந்த பழம்பதி. சைவ உலகம் இதனை ஐந்து சபைகளுள் இரத்தின சபை எனப் போற்றும். வரலாற்று உலகம், முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த, 31 ஏடுகள் கொண்ட செப்பேட்டால் இதனை அறியும். இலக்கிய உலகம் காரைக்கால் அம்மையாரின் பதிகங்களால் இதனை அறியும். இசை உலகம் இதனை எவ்வாறு அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை எழுப்பியவர் மாணவர் ஒருவர். அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தை முதுகலை வகுப்பில் நாம் பாடம் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் வரும் இசைக்கருவிகளுக்கு வழக்கம்போல் பொருள் கூறிச் சென்றோம். அம்மாணவர் எழுந்து, “ஐயா, கொக்கரை எப்படி ஒலிக்கும்?” என்றார். அது ஒரு பழைய இசைக்கருவி என்றோம். “கருவி என்பது தெரியும் ஐயா, ஓசையைக் கேட்கிறேன்” என்றார். சொல்லை அறிந்த நாம் ஓசையை அறியாது நின்றோம். சில நாள் கழித்து அவரே ஓர் இசைப்பதிவைக் கொணர்ந்து நம்மைக் கேட்கச் செய்தார். அது ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்கத் திரைப்படத்தின் இசையை அடியாகக் கொண்டு, அமெரிக்க நாட்டு ஜாஸ் இசைஞரோடு சிதார்க் கலைஞர் இரவிசங்கர் வாசித்தது. “படத்தை நான் பார்த்ததில்லை, ஆயினும் கேட்கும்போது ஓர் ஊர் தெரிகிறது. ஆலங்காட்டுப் பாட்டைப் படிக்கும்போது ஊர் தெரிகிறது, ஓசை கேட்கவில்லை. ஏன்?” என்று அவர் கேட்டார். ஈராண்டுகளாக நம் உள்ளத்தை விட்டு அகலாத அவ்வினாவிற்கு இயன்ற விடை காணும் முயற்சியே இஃது.

1. பதிகத்துள் அமைந்த ஓசை

காரைக்கால் அம்மையாரின் காலம் ஏறத்தாழக் கி.பி. 6ஆம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. அவர் அருளிய பாடல்கள் 143. அவற்றுள் அற்புதத் திருவந்தாதி 101. திருவிரட்டை மணிமாலை 20. எஞ்சிய 22 பாடல்கள் திருவாலங்காட்டைப் பற்றிய இரு பதிகங்கள். தேவார மூவர்க்கும் முற்பட்டமையின் இவை மூத்த திருப்பதிகம் எனப் பெயர் பெற்றன. முன்னதன் பண் நட்டபாடை. பின்னதன் பண் இந்தளம். ஓதுவார் வழக்கில் நட்டபாடை நாட்டையாகவும், இந்தளம் மாயாமாளவகௌளையாகவும் பாடப்பெறும்.

முதற்பதிகத்தில் நிறைவுப் பாடல் ஒழிந்த பத்துப் பாடல்களும் ஊரின் பெயரோடே முடிகின்றன. பாடுபவர் ஒவ்வொரு முறையும் அவ்வூருக்கே மீண்டுவந்து நிற்கின்றார். அவ்வூர் மாடமும் மன்றமும் உடைய ஊர் அன்று, சுடுகாடு. கள்ளியும் சூரையும் காரையும் எட்டியும் அடர்ந்த இடம். நள்ளிரவு, வாகை மரத்தின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் சலசலக்கின்றன, கூகையும் ஆண்டலையும் குரல் எழுப்புகின்றன. இவ்வாறு இயற்கையின் ஓசையைக் காட்டிய அம்மையார், பின்னர் வேறொரு பாடலில் துத்தம், கைக்கிளை முதலிய இசை நரம்புகளின் பெயர்களை அடுக்குகின்றார். அதன்பின் கருவிகளை அடுக்குகின்றார். மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை, தக்கை, கரடிகை, துந்துபி எனத் தோற்கருவிகளே மிகுதி. நரம்புக் கருவி வீணை ஒன்றே. இரண்டாம் பதிகத்தில் முழவை அடிப்பது பேய், பாடுவது கூளி.

இம்முறைவைப்பு கருதத்தக்கது. முதலில் நிலத்தின் இயல்பான ஓசை, அடுத்துச் சுரம், அதன்பின் கருவி, அனைத்திற்கும் நடுவே ஆடல். இக்காலத் திரைப்பட இசையமைப்பாளர் ஒரு காட்சிக்கு இசை அமைக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. காட்சியின் இயற்கை ஒலியை முதலில் நிறுத்தி, அதன்மேல் இசையை ஏற்றி, ஆடலை உச்சத்தில் வைப்பர். அம்மையார் திரைப்படத்தை அறிந்தவர் அல்லர். ஆயினும் இடம், இசை, இயக்கம் என்னும் மூன்றையும் ஒன்றாகக் கண்டவர்.

இதற்குப் பின்னணியாகப் பழைய இலக்கண மரபு ஒன்று உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்திற்குரிய தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருளுள் வைத்தார். நிலந்தோறும் பறை வேறு, பண் வேறு என்பது இதன் கருத்து. மேலும் புறத்திணையியலில், நிலையாமை கூறும் காஞ்சித் திணையில், காடு வாழ்த்து என்னும் துறையை அமைத்தார். உலகத்தார் எல்லாரும் மாய்ந்தொழியவும் தான் மாயாது நிற்கும் இடுகாட்டை வாழ்த்துவது அத்துறை. ஆலங்காட்டுப் பதிகங்கள் பத்தி நூலாயினும் அவற்றின் வேர் இத்துறையில் உள்ளது என்பது நம் துணிபு.

2. ஜாஸ் இசை பிறந்த நிலம்

இனிக் கடல் கடந்து செல்வோம். ஜாஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்சு நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருப்பெற்ற இசை. அதன் முதல் இசைத்தட்டு 1917இல் வெளிவந்தது. அதன் வேர்களுள் ஒன்று அந்நகரின் காங்கோ சதுக்கம் என்னும் வெளியிடம். அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடித் தம் முழவுகளை முழக்கி ஆடினர். இத்தகைய கூட்டங்கள் குறித்த ஓர் இடத்திலன்றிப் பிற இடங்களில் கூடாது என 1817இல் நகராட்சி விதி செய்தது. அடக்க எண்ணி வகுத்த எல்லையே அவ்விசைக்கு ஓர் இடத்தை அளித்துவிட்டது.

அந்நகரில் இன்றும் நிலவும் மற்றொரு வழக்கம் நம் ஆய்விற்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் இறந்தால் பித்தளை ஊதுகருவிகளும் முழவுகளும் கொண்ட குழு இடுகாடு வரை உடன் செல்லும். செல்லும்போது மெல்ல நகரும் இரங்கற்பண். உடலை விடுத்து மீளும்போது விரைந்த தாளம், ஆடல். துன்பம் ஆடலாக மாறும் இடம் இடுகாட்டின் வாயில். இதனைத் தமிழ்த்துறையினர் ஒருவர் கேட்பின், காடு வாழ்த்து என்ற சொல் அவர் நினைவிற்கு வாராதிராது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழரிடமிருந்து ஜாஸ் சென்றது என்றோ, ஆலங்காட்டு ஆடலே ஆர்லியன்சின் ஆடலாயிற்று என்றோ கூறுதல் வரலாறு ஆகாது. இரண்டிற்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது என நாம் கூறவில்லை. ஒத்த நிலையில் மாந்தர் ஒத்தவாறு பாடினர் என்ற அளவே நம் கூற்று. ஒப்புமையின் பயன் உரிமை கொண்டாடுவதன்று. நம் பொருளைப் பிறர் பொருளின் ஒளியில் தெளிவாகக் காண்பதே.

3. படத்தினின்று பிரிந்த இசை

ஜாஸ் இசையின் உயிர் எழுதிய சுரத்தில் இல்லை; எடுத்த கருவை அவ்வப்போது விரித்து வாசிக்கும் திறத்தில் உள்ளது. நம் பழைய உரையாசிரியர் ஆளத்தி என்றதும், இன்றைய இசைவாணர் மனோதர்மம் என்பதும் இதனோடு உறவுடையன. இத்தகைய இசை திரைப்படத்தோடு சேர்ந்தபோது புதியதொரு நிலை தோன்றிற்று. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எடுத்த படம் ஒன்றிற்கு 1957 டிசம்பரில் பாரிசு நகரில் மைல்சு தேவிசு என்னும் ஊதுகொம்புக் கலைஞர் இசை அமைத்தார். திரையில் காட்சியை ஓடவிட்டு, அதனைப் பார்த்தவாறே அவர் குழுவினர் வாசித்தனர். காட்சி இசையைப் பிறப்பித்தது. பின்னர் அவ்விசை தனித் தட்டாகவும் உலவியது. அதனைக் கேட்போர் பாரிசின் இரவுத் தெருவை மனத்தில் காண்பர்.

‘பதேர் பாஞ்சாலி’யின் வரலாறு இதனினும் ஒரு படி மேற்பட்டது. சத்தியசித் ராய் 1955இல் வெளியிட்ட அப்படம் வங்கச் சிற்றூர் ஒன்றின் வறுமையையும் இரு சிறாரின் வாழ்வையும் காட்டுவது. இரவிசங்கர் அதற்கு இசை அமைத்தார். பல்லியம் முழங்கும் பெரும் இசையன்று அது. புல்லாங்குழலும் சிதாரும் சில தோற்கருவிகளுமே. சில ஆண்டுகளுக்குப்பின், 1962இல் வெளிவந்த ‘இம்ப்ரொவைசேஷன்சு’ என்னும் இசைத்தட்டில், அப்படத்தின் கருவிசையை எடுத்துக்கொண்டு இரவிசங்கர் புதிதாக விரித்து வாசித்தார். ஜாஸ் கலைஞர் பட் சேங்க் உடன் குழல் ஊதினார். திரை இல்லை, சிறுவன் இல்லை, ஊர் இல்லை. கேட்டவர் பலர் வங்கத்தைக் கண்டவரும் அல்லர். ஆயினும் அவ்விசையில் ஓர் ஊரும் ஓர் இழப்பும் இருந்தன.

அதே தட்டில் வேறிரண்டு உருப்படிகள் நம் கருத்தை ஈர்க்கின்றன. ஒன்று கருநாடக இசையின் கீரவாணி இராகத்தில் அமைந்தது. வடநாட்டுக் கலைஞர் வழியே தென்னாட்டுப் பண் மேல்நாட்டு மண்ணை அடைந்தது. மற்றொன்று ‘தீ இரவு’ எனப் பொருள்படும் பெயருடையது. லாசு ஏஞ்சலிசு நகரக் குன்றுகளில் 1961இல் மூண்ட பெருந்தீயின் நினைவாக அப்பெயர் இடப்பெற்றது. நகரின் காடு எரிவதைக் கண்டவர் முழவையும் குழலையும் எடுத்தனர். ஆலங்காட்டுச் சுடலைத் தீயின் நடுவே முழவொலி கேட்ட அம்மையாரை நாம் இவ்விடத்து நினையாதிருத்தல் இயலுமோ?

ஊரை நினைந்து வாசிக்கும் இம்முறை ஜாஸ் உலகில் அக்காலத்தே பரவியிருந்தது. தேவ் புரூபெக் 1958இல் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் சுற்றிச் சென்றபின் அவ்வூர்களை நினைந்து ஒரு தட்டு வெளியிட்டார். ‘கல்கத்தா புளூசு’ அதில் ஒன்று. தியூக் எல்லிங்டன் 1963இல் மேற்கொண்ட கீழ்நாட்டுப் பயணத்தின் விளைவு 1967இல் வெளிவந்த ‘பார் ஈஸ்ட் சூட்’. ஆக்ராவும் தில்லிப் பறவை ஒன்றும் அதன் தலைப்புகளில் இடம்பெற்றன. இவை சிறந்த இசை என்பதில் ஐயமில்லை. எனினும் தலைப்பை மறைத்துக் கேட்பின் ஊரை எல்லாரும் உணர்வர் என்று துணிந்து கூற இயலாது. முதற்பொருளின் பெயர் தலைப்பில் உள்ளது. இசையின் உள்ளே அஃது எந்த அளவில் இறங்கியது என்பதே ஆராய்தற்குரியது.

4. கருவி இடம் மாறிய வரலாறு

ஊரின் ஓசை அவ்வூர்க் கருவியில்தான் உள்ளது என்பார் உளர். இரு கலைஞரின் வாழ்க்கை இதற்கு விடை கூறும்.

அமெரிக்காவின் பாசுடன் நகரில் 1923இல் பிறந்த சார்லி மரியானோ சாக்சபோன் கலைஞர். 1960களின் பிற்பகுதியில் மலேசியாவில் நாகசுரத்தைக் கேட்டு அதன்பால் உள்ளம் பறிகொடுத்தார். பின்னர் அதனைப் பயின்று, 1970களில் தம் ஜாஸ் தட்டுகளிலும் வாசித்தார். நம் கோயில் வாயிலில் ஒலிக்கும் கருவி ஐரோப்பிய மேடைகளில் ஒலித்தது. பெங்களூரின் பாடகர் ஆர். ஏ. இரமாமணியோடும் கருநாடகத் தாளவாத்தியக் கல்லூரிக் கலைஞரோடும் அவர் சேர்ந்து உருவாக்கிய ‘ஜோதி’ 1983இல் வெளிவந்தது.

இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் கத்ரி கோபால்நாத். அவர் தந்தையார் நாகசுர வித்துவான். மகனோ மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் கேட்ட சாக்சபோனை விரும்பி, அயல்நாட்டுக் கருவியில் கமகங்களை வரவழைக்கப் பல்லாண்டு உழைத்தார். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் வாசித்தார். கே. பாலசந்தர் இயக்கி, ஏ. ஆர். இரகுமான் இசையமைத்து, 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் அவர் வாசிப்பு இடம்பெற்றது. தமிழ்நாட்டின் சிற்றூர் மக்களும் சாக்சபோன் என்ற பெயரை அதன்பின் அறிந்தனர்.

நாகசுர வீட்டிலிருந்து சாக்சபோனுக்குச் சென்றவர் ஒருவர். சாக்சபோனிலிருந்து நாகசுரத்திற்கு வந்தவர் ஒருவர். கத்ரியின் சாக்சபோனில் நாம் கேட்டது அமெரிக்காவை அன்று, கருநாடக இசையை. மரியானோவின் நாகசுரத்தில் கேட்பது கோயில் வீதியை மட்டும் அன்று. ஜாஸ் இசையின் விரிவையும். ஆகவே கருவி இடம்பெயரும். அதனொடு ஊரும் பெயர்ந்துவிடும் என்பதில்லை.

ஆலங்காட்டிற்கே இது பொருந்தும். அம்மையாரின் வாழ்வை ஏ. பி. நாகராசன் 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ எனத் திரைப்படமாக்கினார். குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தார். முதுமை எய்திய அம்மையாராக நடித்துப் பாடினார் கே. பி. சுந்தராம்பாள். இறைவன் ஆடலை வேண்டி அவர் பாடிய பாடல் வானொலி வழியே படத்தைக் காணாதோர் வீடுகளையும் அடைந்தது. பதிகம் கூறும் கொக்கரையோ தகுணிச்சமோ அதில் தேடவேண்டுவதில்லை. ஆயினும் ஆடலின் வேகத்தை, முதிர்ந்த அக்குரலும் தாளமும் கண்முன் நிறுத்தின.

5. மயங்குவன, மயங்காதன

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்து நோக்கின் ஒரு விதி புலப்படும். அவ்விதியைத் தொல்காப்பியர் முன்னரே கூறியுள்ளார். திணைகள் தம்முள் மயங்கும். ஆயின் மயங்குவன முதலும் கருவுமே. உரிப்பொருள் மயங்குதல் இல்லை என்பது அவர் கோட்பாடு. அது செய்யுளுக்குக் கூறிய இலக்கணம். இசைக்கும் அதனை நீட்டிக் காணலாம். நிலம் மாறலாம்: வங்கச் சிற்றூர் அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடம் ஆகலாம். கரு மாறலாம்: நாகசுரத்தின் இடத்தில் சாக்சபோன் வரலாம். அந்நிலம் பிறப்பித்த உணர்வும், அவ்வுணர்வைக் கட்டிநிறுத்தும் பண்ணும் தாளமும் மாறாதிருப்பின், ஊர் உடன்வரும். அவை தளர்ந்தால், ஊரின் பெயரைத் தலைப்பிலிட்டும் பயனில்லை. ஊரின் கருவியைக் கையிலெடுத்தும் பயனில்லை.

இவ்வுண்மையை நம் முன்னோர் நடைமுறையிலும் கண்டிருந்தனர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்ததைக் கல்வெட்டுக் கூறும். ஓர் ஊரில் பிறந்த பதிகம் வேறோர் ஊரில் ஒலிக்க வேண்டுமாயின் ஏடு மட்டும் போதாது. குரல் வேண்டும், குரலுக்குத் துணையாக முழவு வேண்டும் என்று சோழன் கருதினான். நாமோ ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். பதிகத்தின் தலையில் ‘நட்டபாடை’ என அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதனைப் பாடாமலே அடுத்த வரிக்குச் செல்கின்றோம். விபுலாநந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டு வழிகாட்டிய பின்னும், இலக்கிய வகுப்பும் இசை வகுப்பும் வெவ்வேறு கட்டடங்களிலேயே நடைபெறுகின்றன.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. நியூ ஆர்லியன்சின் இடுகாட்டு இசையை உலகம் மதித்துக் கேட்கிறது. நம் ஊர்களில் இறந்தாரை இடுகாட்டிற்குக் கொண்டுசெல்லும் பறையை முழக்குவோர்க்கு நாம் அளித்தது என்ன? சுடலையில் ஒலித்த முழவைப் பாடிய பதிகத்தைத் திருமுறையுள் வைத்துப் போற்றினோம். சுடலைக்கு முன்னே முழவு கொட்டியவரைத் தெருவிற்கு வெளியே நிறுத்தினோம். தோலைக் கட்டிச் சூடுகாட்டி ஓசை பிறப்பிக்கும் நுட்பம் அவர்களிடம் உள்ளது. அம்மையாரின் கருவிப் பட்டியலுக்கு உரை எழுதப் புகுவோர் அகராதியோடு நில்லாது, அவர்களிடமும் சென்று கேட்டிருத்தல் வேண்டும். நாமும் அவ்வாறு கேட்கத் தவறியவரே.

திருவாலங்காட்டு நடராசர் திருமேனிகளுள் ஒன்று இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வருங்காட்சியகத்து நடராசர் வடிவங்களின் ஒளிப்படங்களைக் கண்ட பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அவற்றை வியந்து எழுதிய கட்டுரை அவர் மறைவிற்குப் பின் 1921இல் வெளிவந்தது. ஆலங்காட்டை அவர் கண்டதில்லை, திருமேனியையும் நேரில் கண்டதில்லை, நிழலையே கண்டார். அந்நிழலிலும் ஆடல் இருந்தது. வடிவம் ஊரை விட்டுச் சென்றும் உரிப்பொருளை விடாமற் காத்தது. இசைக்கும் அத்தகைய காவல் வேண்டும்.

இக்கட்டுரையை எழுதுமுன் அம்மாணவரோடும் ஓதுவார் ஒருவரோடும் திருவாலங்காட்டிற்குச் சென்றிருந்தோம். மாலை நேரம், கூட்டம் இல்லை. ஓதுவார் முதற்பதிகத்தை நட்டபாடையில் பாடினார். உடன் முழவு இல்லாமையால் மாணவர் தம் தொடையில் தட்டித் தாளம் காத்தார். கொக்கரை எப்படி ஒலிக்கும் என்று அவர் அன்று மீண்டும் கேட்கவில்லை. திரும்பும்போது, “ஐயா, இதை வகுப்பிலும் பாடச் சொல்லலாமே” என்று மட்டும் கூறினார். அதன்படியே இவ்வாண்டு முதல் நம் வகுப்பில் அப்பதிகம் முதலில் பாடப்பெறும்; பொருள் பின்னரே கூறப்பெறும். பிற துறையினரும் இதனை மேற்கொண்டு, குறை காணின் திருத்துவாராக.